மென்பொருள் துறைக்காக அரசிடம் பேசுபவர்கள் யாருடைய குரலைக் கொண்டுபோகிறார்கள்?

பதினாலுபேர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பதினான்கு பேர் வேலை பார்க்கும் நிறுவனம். கணக்கும் சரக்கு இருப்பும் பார்க்கிற மென்பொருளை எழுதி விற்கிறோம். நான்கு வருடமாக ஒரு தொழில் சங்கத்தில் உறுப்பினர், சந்தா பாக்கி இல்லை. போன மாதம் அரசு ஒரு விதி வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. மென்பொருள் விற்கிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை வெளித் தணிக்கையாளரிடம் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்பது அதன் சாரம். சங்கம் பதில் அனுப்பியிருக்கிறது. முதல் வரியே "இதைத் துறை முழுமனதோடு வரவேற்கிறது". கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியல், அதில் எங்கள் பெயரும்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் கணக்குப் புத்தகமே எங்கள் கையில்தான் இருக்கிறது, அந்தப் பயம் எனக்குத் தினமும் உண்டு. ஆனால் இந்தச் சான்றிதழைப் பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கின்றன. புதிய செலவு எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொள்கைப் பிரிவு, பப்ளிக் பாலிசி என்ற பெயரில் வேலை செய்கிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? 'துறை' என்று அவர்கள் சொல்லும்போது அதில் நான் இருக்கிறேனா?

இரவுநிரல்

இல்லை. நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். லாபி என்பது பணம் இருப்பவர்கள் கதவைத் தட்டுகிற வேலை. நாம் நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர்கள் நம் பெயரில் விதி எழுதுகிறார்கள்.

பழையசெயலர்

நான் அந்த வேலையில் ஒன்பது வருடம் இருந்தவன். எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

வரைவு வெளியானதும் சங்கத்தின் செயலகத்தில் இரண்டோ மூன்றோ பேர் அதைப் படிப்போம். உறுப்பினர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும்: "இன்ன தேதிக்குள் கருத்து அனுப்பவும்." அரசு முப்பது நாள் கொடுத்தால், நாங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுக்க முடிவது பத்து நாள்தான். நூற்றுக்கணக்கான உறுப்பினர்களில் பதில் போடுகிறவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்கள் எல்லாருமே முழுநேரக் கொள்கை ஆட்களை வைத்திருக்கிற பெரிய நிறுவனங்கள். அவர்கள் வெறும் கருத்தை அனுப்புவதில்லை, திருத்திய சட்டவரிகளையே தயாராக அனுப்புகிறார்கள். "பிரிவு 4(2)-இல் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்" என்ற அளவுக்கு. களைத்துப்போன செயலகம் அதை ஒட்டித்தான் வரைவைத் தயாரிக்கும். யாரும் சதி செய்வதில்லை. எழுதிக் கொடுத்தவருடைய வாக்கியம் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

இரவுநிரல் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. நான் பார்த்தவரை பணத்தைவிட அதிகம் வேலை செய்தது நேரமும் பொறுமையும். ஒரு அதிகாரி இரவு எட்டு மணிக்குப் போன் செய்து "இந்த வரியில் சோர்ஸ் கோட் என்று போட்டிருக்கிறோம், அதனால் என்ன ஆகும்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் தெளிவாகப் பதில் சொல்கிற ஆள் அவருக்குத் தேவை. அந்த ஆளாக நான் இருந்திருக்கிறேன். சில மோசமான வரிகள் விதியாக மாறாமல் போனதில் என் பங்கும் உண்டு, அதை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன்.

பதினாலுபேர், உங்கள் பழைய அஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். கருத்துக் கேட்ட மின்னஞ்சல் கண்டிப்பாக வந்திருக்கும்.

துளையட்டை

வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் போகலாமா? இந்தத் துறைக்கு முதலில் குரல் கொடுத்தவர்கள் சிறியவர்கள்தான்.

அமெரிக்காவில் 1961-இல் அடாப்சோ என்றொரு சங்கம் தொடங்கியது. மற்றவர்களின் கணக்கு வேலையைக் கணிப்பொறியில் செய்து கொடுக்கும் சேவை நிறுவனங்களின் சங்கம் அது. அப்போது வங்கிகளிடம் பெரிய கணிப்பொறிகள் இருந்தன. மிச்ச நேரத்தை அவை வெளியாருக்கு விற்கலாம் என்று தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் அலுவலகம் அனுமதி கொடுத்துவிட்டது. வங்கி களத்தில் இறங்கினால் சின்ன நிறுவனம் என்ன செய்யும்? அடாப்சோ வழக்குப் போட்டது. "உங்களுக்கு வழக்குத் தொடுக்கவே உரிமையில்லை" என்று கீழ் நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பின. 1970-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, போட்டியால் பாதிக்கப்படுகிறவர்கள் வழக்குத் தொடுக்கலாம் என்றது. யாருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்று அமெரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும்போது இன்றும் படிப்பது இந்த வழக்கைத்தான்.

ஐபிஎம் மென்பொருளை இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். 1969-இல்தான் அதற்குத் தனி விலை போடப் போவதாக அறிவித்தது. அதற்கு முன்பு ஒரு நிரலைத் தனிச் சரக்காக விற்பதே பெரும்பாடு. மென்பொருள் விற்பனைக்குரிய பொருள் என்று சட்டமும் வரித்துறையும் ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால் இப்படிப் பேசியவர்களின் உழைப்பு இருக்கிறது. 1980-இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் தெளிவாகச் சேர்க்கப்பட்டதும் அந்தத் தொடர்ச்சியில்தான். பதினாலுபேர் தன் மென்பொருளை விற்று சம்பளம் கொடுப்பதற்கு அடியில் இதெல்லாம் கிடக்கிறது.

இரவுநிரல்

1970 கதை நன்றாக இருக்கிறது. பிறகு என்ன ஆனது? 1988-இல் பெரிய மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான பிஎஸ்ஏ தொடங்கியது. அதன் வேலையில் பாதி, அனுமதியில்லாமல் நகலெடுத்தவர்களைப் பிடிப்பது. 1990 முதல் 2013 வரை அதை நடத்திய ராபர்ட் ஹாலிமன் அடுத்த வருடமே அமெரிக்க அரசின் துணை வர்த்தகப் பிரதிநிதி ஆனார். அவர் விட்ட நாற்காலிக்கு வந்த விக்டோரியா எஸ்பினெல், அதற்கு முன்பு வெள்ளை மாளிகையில் அறிவுசார் சொத்துரிமை அமலாக்கத்தைப் பார்த்தவர். ஒருவர் சங்கத்திலிருந்து அரசுக்கு, இன்னொருவர் அரசிலிருந்து சங்கத்துக்கு. இருவர் மீதும் நான் குற்றம் சொல்லவில்லை, சட்டப்படிதான் எல்லாம். ஆனால் மேசையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மனிதர்கள் உட்கார்ந்தால், பதினான்கு பேர் நிறுவனத்தின் கவலை அந்த மேசைக்கு எப்படி வரும்?

பழையசெயலர்

அந்தக் கேள்வி நியாயமானது. அரசிலிருந்து வருகிறவர்களுக்கு எந்தக் கோப்பு எங்கே தேங்கும் என்று தெரியும், அந்த அறிவுக்குத்தான் சம்பளம். பதவியை விட்டபின் இத்தனை காலம் இந்தப் பக்கம் வரக்கூடாது என்ற கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும்.

இன்னொன்று. யார் யாரைச் சந்தித்தார்கள் என்பது எழுத்தில் இருந்தால் பாதி சந்தேகம் போய்விடும். அமெரிக்காவில் 1995-இல் வந்த லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி பதிவு செய்து, எந்தெந்த மசோதாக்களைப் பற்றிப் பேசினோம், மொத்தம் எவ்வளவு செலவழித்தோம் என்று இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு இருக்கிறது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டமே இல்லை. நான் வேலையில் இருந்தபோது என் சந்திப்புகள் எல்லாம் என் டைரியில் மட்டும்தான் இருந்தன. அது சரியில்லை என்று அப்போதே தோன்றியது, நான் எதுவும் செய்யவில்லை.

கட்டற்றவள்

சிறியவர்கள் ஜெயித்த கதை ஒன்று சொல்கிறேன். அந்த நாட்களில் நான் மாணவி. இரவெல்லாம் மடற்குழு அஞ்சல்களைப் படித்துக்கொண்டிருப்பேன்.

2002 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் 'கணினிவழிச் செயல்படுத்தப்படும் கண்டுபிடிப்புகளுக்கு' காப்புரிமை தரும் சட்ட முன்மொழிவைக் கொண்டுவந்தது. மென்பொருள் காப்புரிமை என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. பெரிய நிறுவனங்களின் சங்கங்கள் 'ஐரோப்பியத் தொழில்துறை இதை ஆதரிக்கிறது' என்றன. எதிர்ப்பக்கம் எஃப்.எஃப்.ஐ.ஐ. என்ற அமைப்பில் நிரலாளர்களும் சிறு நிறுவனக்காரர்களும் சேர்ந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் வரி வரியாகப் பிரித்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு விளக்கினார்கள். 2004 டிசம்பரில் அமைச்சர்கள் குழு இதை விவாதமே இல்லாமல் நிறைவேற்றப் பார்த்தது, அதுவும் விவசாய, மீன்வள அமைச்சர்கள் கூடிய கூட்டத்தில். போலந்து அமைச்சர் ஒருவர் பிரஸ்ஸல்ஸுக்கே போய் அதைப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தார். கடைசியில் 2005 ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 648-க்கு 14 என்ற கணக்கில் அதை நிராகரித்தது.

அன்று நான் அழுதேன். நம்மைப் போன்றவர்கள் பேசினால் கேட்பார்கள் என்று நம்பியது அன்றுதான்.

சட்டவரி

அருமையான கதை, ஒரு திருத்தம் மட்டும். அந்த 648-இல் முன்மொழிவை ஆதரித்த பக்கத்தாரும் இருந்தார்கள். திருத்தங்கள் சேர்ந்து சட்டம் தங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும் என்று பயந்து, இப்படி வருவதைவிட வராமலே இருக்கட்டும் என்று அவர்களும் நிராகரிப்புக்குப் போனார்கள். ஆனால் அந்தப் பயத்தை உண்டாக்கியதே எதிர்ப்பாளர்களின் உழைப்புதான், அதனால் உங்கள் கதையின் பலம் குறையவில்லை.

இந்தியாவிலும் இதே சண்டை நடந்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. 2004 கடைசியில் வந்த அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை நீக்கிவிட்டது. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வழிகாட்டு நெறிகள் என்ற பெயரில் கதவைக் கொஞ்சம் திறந்தது. மென்பொருள் சுதந்திரத்துக்கான சட்ட அமைப்புகளும், இந்திய மென்பொருள் தயாரிப்பாளர்களின் ஐஸ்பிரிட்டும் எதிர்த்து எழுதின. டிசம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் கடுமையான சோதனையோடு புதிய நெறி வந்தது. 2017-இல் அந்தச் சோதனையும் காணாமல் போனது. அப்புறம் எல்லாம் ஒவ்வொரு விண்ணப்பமாக, ஒவ்வொரு தீர்ப்பாக நகர்கிறது. ஒருமுறை ஜெயித்துவிட்டுத் தூங்கப் போக முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஐஸ்பிரிட் ஏன் வந்தது என்பதும் இந்த இழைக்குத் தேவை. 1988-இல் 38 உறுப்பினர்களோடு இந்திய மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் தொடங்கியது. 1990-களில் தேவாங் மேத்தா தலைமையில் அது அரசோடு பேசிய விதம் இன்றும் பாடம். மென்பொருள் மீதான இறக்குமதி வரி, செயற்கைக்கோள் இணைப்பு, பதிப்புரிமைத் திருத்தம் என்று அடிப்படையான விஷயங்கள். ஏற்றுமதி வருமானத்துக்கான 10ஏ, 10பி வரிவிலக்கு 2009-இல் முடிய வேண்டியது, ஒவ்வொரு வருடமாக நீட்டிக்கப்பட்டு 2011 மார்ச் வரை வந்தது. ஆனால் அந்தச் சங்கத்தில் சேவை ஏற்றுமதி நிறுவனங்களின் கை ஓங்கியிருந்தது. சொந்தமாகத் தயாரிப்பு செய்கிறவர்களின் கவலை வேறு. அதனால்தான் 2013-இல் தனியாக ஐஸ்பிரிட் பிறந்தது. ஆக 'துறை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது இரண்டு துறைகள் இருந்தன.

பதினாலுபேர்

தேடினேன். பழையசெயலர் சொன்னது சரி. மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதினொரு நாள் அவகாசம். "கொள்கை ஆலோசனை: உடனடிக் கவனத்துக்கு" என்ற தலைப்பைப் பார்த்து விளம்பரம் என்று நினைத்து நான்தான் காப்பகத்துக்குத் தள்ளியிருக்கிறேன். மேலே "யாரும் கேட்கவில்லை" என்று எழுதியது தவறு. அந்த வரியை அழிக்காமல் விடுகிறேன், கீழே படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும்.

ஆனாலும் கேள்வி மிச்சம் இருக்கிறது. பதில் போடாதவர்களின் பெயரை ஆதரவாளர் பட்டியலில் போடலாமா? அப்புறம், அரசின் கடைசித் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நான் தனியாக எழுதினால் யாராவது படிப்பார்களா?

பழையசெயலர்

முதல் கேள்விக்கு: போடக்கூடாது. நாங்களும் போட்டோம், எல்லாச் சங்கங்களும் போடுகின்றன. உறுப்பினர் பட்டியல் என்பதும் ஒப்புதல் பட்டியல் என்பதும் வேறு. இதைக் குறிப்பிட்டு சங்கத்துக்கு எழுதுங்கள், 'மாற்றுக் கருத்து' என்று தனி இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள், யாரும் கேட்பதில்லை.

இரண்டாவதுக்கு: படிப்பார்கள். ஒரே வாசகத்தை நகலெடுத்து ஐந்நூறு பேர் அனுப்பினால் அது ஒன்றாகத்தான் எண்ணப்படும். ஆனால் ஒரு சிறு நிறுவனம் தன் சொந்த வேலையை வைத்து எழுதிய ஒன்றரைப் பக்கத்தை நான் பார்த்த அதிகாரிகள் தனியாக எடுத்து வைப்பார்கள். அவர்களுக்கு அது கிடைப்பதே அபூர்வம்.

கட்டற்றவள்

உங்களுக்கு உதவக்கூடிய முன்னுதாரணம் கையிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் சைபர் தாங்குதிறன் சட்டம். 2022 செப்டம்பரில் வரைவு வந்தபோது, கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய நிரலை, சும்மா எழுதிப் பகிர்கிறவர்கள் கூட பொறுப்பேற்க வேண்டி வருமோ என்ற பயம் எழுந்தது. அந்த மென்பொருட்களைப் பராமரிக்கிற அறக்கட்டளைகள் கூட்டாகக் கடிதம் எழுதின. வழக்கமாக இவர்கள் கொள்கைக் கூட்டங்களுக்கே போகாதவர்கள், அந்த முறை போனார்கள். 2024-இல் வந்த இறுதிச் சட்டத்தில் வணிக நோக்கமில்லாத பங்களிப்பாளர்களுக்கு விலக்கு கிடைத்தது, அறக்கட்டளைகளுக்கு 'திறந்த மூலப் பொறுப்பாளர்' என்ற இலேசான தனி வகை உருவானது.

உங்களுக்கு முக்கியம் அடுத்தது. அந்தச் சட்டத்திலேயே பெரும்பாலான பொருட்களுக்குத் தயாரிப்பாளர் தானே மதிப்பிட்டு அறிவித்தால் போதும். வெளி மதிப்பீடு கட்டாயமாவது ஆபத்து அதிகமான வகைகளுக்குத்தான். தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிற ஓட்டையோ கடுமையான பாதுகாப்புச் சம்பவமோ தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் முன்னெச்சரிக்கை தர வேண்டும், ஆனால் அந்தக் கெடுவைத் தவறவிட்ட குறு, சிறு நிறுவனங்களுக்கு அபராதம் கிடையாது. அதாவது பாதுகாப்பைக் கைவிடாமலே சிறியவர்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இரவுநிரல்

நானும் ஒன்று தருகிறேன். 2002-இல் பெரு நாட்டில் அரசு அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருள் வேண்டும் என்று ஒரு மசோதா. மைக்ரோசாஃப்டின் பெரு மேலாளர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான எட்கர் வில்லானுவேவா, அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு பத்தியையும் எடுத்துப் போட்டு அதன் கீழேயே பதில் எழுதினார். கோபமே இல்லாமல். அந்தப் பதில் உலகம் முழுக்கச் சுற்றியது. அது உடனே சட்டமாகவில்லை, 2005-இல் பெரு நிறைவேற்றிய சட்டம் தொழில்நுட்ப நடுநிலையோடு நின்றுகொண்டது. ஆனாலும் பதில் எழுதுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். உங்கள் சங்கத்தின் கடிதத்தையும் அதே மாதிரி பத்தி பத்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் எழுதிய "இல்லை" கொஞ்சம் அவசரம்தான் என்று இப்போது தோன்றுகிறது. மேசை சமமாக இல்லை என்ற கருத்து மட்டும் மாறவில்லை.

சட்டவரி

வரைவைப் படித்தேன். உங்கள் பிரச்சினை சான்றிதழ் கேட்கும் பிரிவில் இல்லை, வரையறைப் பிரிவில் இருக்கிறது. "மென்பொருள் வழங்குநர்: எந்த வகையிலும் மென்பொருளைப் பிறருக்குக் கிடைக்கச் செய்பவர்" என்று இருக்கிறது. இது அப்படியே வந்தால் நீங்கள் மட்டுமில்லை, ஓய்வு நேரத்தில் ஒரு நிரலை இணையத்தில் போடுகிற மாணவரும் சான்றிதழ் வாங்க வேண்டும். உணர்ச்சியை ஒரு பத்தியில் முடித்துக்கொண்டு, மாற்று வாசகத்தைக் கொடுங்கள். "வணிக நோக்கில்" என்ற இரண்டு சொற்களையும், ஆண்டு விற்றுமுதல் வரம்பு ஒன்றையும் கேட்கலாம். வரம்பு எவ்வளவு என்று நீங்களே ஒரு எண்ணைச் சொல்லி, ஏன் அந்த எண் என்றும் சொல்லுங்கள். எண் இல்லாத கோரிக்கையைக் கோப்பில் ஏற்றுவது கடினம்.

பதினாலுபேர்

எழுதிவிட்டேன். ஒரு பத்தியை மட்டும் இங்கே போடுகிறேன்:

"எங்கள் நிறுவனத்தில் ஆறு பேர் நிரல் எழுதுகிறார்கள். வெளித் தணிக்கைக்கு வாங்கிய விலைப்பட்டியல், அவர்களில் ஒருவருடைய ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம். அந்த ஒருவர்தான் இப்போது எங்கள் மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிறார். சான்றிதழுக்காக அவரை இழந்தால் எங்கள் வாடிக்கையாளர்களின் பாதுகாப்பு குறையும்."

சரியாக இருக்கிறதா?

கட்டற்றவள்

கடைசி வாக்கியத்தில் "குறையும்" போதும், வேறெதுவும் சேர்க்காதீர்கள். விலைப்பட்டியலின் நகலை இணையுங்கள்.

பழையசெயலர்

பெயர், பொறுப்பு, தொலைபேசி எண் கட்டாயம். கூப்பிட்டுக் கேட்க ஆள் வேண்டும் அவர்களுக்கு. கூப்பிட்டால் எடுங்கள், இரவு எட்டு மணியானாலும்.

பதினாலுபேர்

இரண்டும் அனுப்பியாயிற்று, அரசுக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று. அரசிடமிருந்து ஒப்புகை எண் வந்திருக்கிறது. சங்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். மாற்றுக் கருத்தை இணைப்பாகச் சேர்க்கிறோம் என்றார். இதே கவலையுள்ள வேறு சிறிய உறுப்பினர்கள் இருந்தால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், அவர்கள் பெயரையும் சேர்க்கலாம் என்றும் கேட்டார். இதுவரை மூன்று நிறுவனங்களோடு பேசியிருக்கிறேன். இங்கே யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.